கோவில்பட்டிக்கு எத்தனை எழுத்து?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற நெடுஞ்சாலையில், கயத்தாறு வருவதற்கு முன்னால், இடைசெவல் என்று ஒரு கிராமம். பஸ்ஸில் கொஞ்சம் கண்ணசந்தால் போதும், ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால், சாகித்ய அகாதமி விருது பெற்றவர்கள் அந்தச் சின்ன ஊரில் ஒருவரல்ல, இரண்டு பேர்! கு.அழகிரிசாமிக்கு 1970-ல், அவர் இறந்த பிறகு கிடைத்தது. கி.ராஜநாராயணனுக்கு 1991-ல்.

கி.ரா. கதை எழுதியதோடு நிற்கவில்லை. 1982-ல் இன்னொரு காரியமும் செய்தார். கரிசல் காட்டு ஜனங்கள் வாயில் புழங்குகிற சொற்களைத் திரட்டி, ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’ என்று புத்தகமாகக் கொண்டுவந்தார். சிவகங்கை ‘அன்னம்’ வெளியீடு. அகராதி போடுவதென்றால் அது பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் வேலை என்று நினைத்திருந்த காலம் அது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சம்சாரி அந்த வேலையில் இறங்கினார். (பிற்பாடு புதுச்சேரி பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது வேறு கதை!) அவர் போட்ட பாதையில்தான் 2000-ல் பெருமாள்முருகனின் கொங்கு வட்டார அகராதியும், 2007-ல் கண்மணி குணசேகரனின் நடுநாட்டு அகராதியும் வந்தன.

இதெல்லாம் சும்மா ஆசைக்குச் செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கமலை என்று ஒன்று இருந்தது. கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கிற அமைப்பு. அதற்குக் கூனை, வடம், வால்கயிறு என்று எத்தனையோ உறுப்பு. மின்சார மோட்டார் வந்தது. கமலை போனது. கமலையோடு சேர்ந்து அந்தச் சொற்களும் போயின. கமலை மாடு இழுக்கக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு ‘கூனை’ என்றால் என்ன தெரியும்? தொழில் செத்தால் சொல்லும் சாகும். புத்தகத்தில் பிடித்து வைத்தால்தான் உண்டு.

சரி, இன்றைக்குப் புத்தகம் என்பது காகிதம் மட்டும் இல்லையே. அப்படி ஓர் அகராதியை உங்கள் செல்போனுக்குள் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

‘இதென்ன பிரமாதம், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கினால் முடிந்தது’ என்பீர்கள். முடிந்தது உண்மைதான். ஆனால் அது புத்தகத்தின் படம்தானே தவிர, புத்தகம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருக்கிற சாப்பாடு மாதிரி. பார்க்கலாம், பரிமாற முடியாது. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடும்.

இரண்டாவது வழி, முழுக்க டைப் அடித்துவிடுவது. இது எவ்வளவோ மேல். ஆனால் இதிலும் கம்ப்யூட்டருக்கு எல்லாமே வெறும் எழுத்து வரிசைதான். எது சொல், எது பொருள், எது உதாரணம் என்று அதற்குத் தெரியாது. ‘பருத்திமார்’ என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் ‘பஞ்செடுத்து முடிந்த பின் காய்ந்த பருத்திச் செடி, விறகுக்கு ஆகும்’ என்று எழுதியிருந்தால் நமக்குப் புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குத் தடிப்பு என்பது வெறும் தடிப்பு. அவ்வளவுதான்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் இந்த வாரக் கதை.

நான் படித்தது பி.காம். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேனே. கணக்குப் பதிவியலில் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. தேதி, பற்று, வரவு, தொகை, விளக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அங்கே ஒருமுறை ஒழுங்காகப் பதிந்துவிட்டால் போதும். அதிலிருந்து பேரேடு, இருப்பாய்வு, லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை என்று என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பதிவது ஒருமுறை, எடுப்பது பலமுறை. யாராவது ஐந்தொகையைத் தனியாக, அழகாக எழுதி வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடுவார்களா? நம் புத்தக உலகத்தில் பல வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இந்தக் குறிப்பேட்டுப் புத்தியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமான ஆசாமி, ஒரு வக்கீல்! சார்லஸ் கோல்ட்ஃபார்ப் என்று பெயர். ஹார்வர்டில் சட்டம் படித்துவிட்டு ஐபிஎம் கம்பெனிக்கு வந்தவர். வக்கீல் ஆபீஸ்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வேலை வந்தது. ஆவணத்தைத் திருத்த ஒரு புரோகிராம், தேட ஒரு புரோகிராம், அச்சுக்கு அடுக்க ஒரு புரோகிராம். மூன்றுக்கும் மூன்று பாஷை. ஒன்றின் குறியீடு மற்றதற்குப் புரியாது.

1969-ல் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ‘இந்த வரியைப் பெரிதாகப் போடு’ என்று எழுதாதே. ‘இது தலைப்பு’ என்று மட்டும் எழுது. பெரிதாகப் போடுவதா, சிவப்பில் போடுவதா என்பதை அச்சடிக்கிறவன் பார்த்துக்கொள்வான். மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் கோத்து ஜிஎம்எல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதுவே வளர்ந்து எஸ்ஜிஎம்எல் என்று 1986-ல் உலகத் தரம் ஆனது. அதை இளைக்க வைத்துச் சுலபமாக்கியது எக்ஸ்எம்எல்.

இது எவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவியது என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே சாட்சி. 1928-ல் முதல் பதிப்பு முடிந்தபோது அதற்காகத் தொடக்கத்தில் உழைத்தவர்கள் பலர் உயிரோடு இல்லை. அத்தனை பெரிய சமாசாரம். 1984-ல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் 120 பேர் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். மொத்தம் 35 கோடி எழுத்துகள்! இங்கிலாந்தில் 55 பேர் பிழை திருத்தினார்கள். சும்மா அடிக்கவில்லை. இது சொல், இது உச்சரிப்பு, இது மேற்கோள், இது மேற்கோளின் வருஷம் என்று ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்திக்கொண்டே போனார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதைத் தேடவும் பிரிக்கவும் மென்பொருள் எழுதிக் கொடுத்தது. (ஓப்பன் டெக்ஸ்ட் என்ற பெரிய கம்பெனி அந்த வேலையிலிருந்து கிளைத்ததுதான்.) பலன்? 1989-ல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு. 1992-ல் அதுவே சிடி. 2000-ல் அதுவே இணையத்தில். ஒரே பதிவு, மூன்று வடிவம். குறிப்பேடும் ஐந்தொகையும்!

தமிழுக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கையான தேதிப் பொருத்தம் இருக்கிறது. எக்ஸ்எம்எல் தரம் வெளியானது 1998 பிப்ரவரியில். அதற்குச் சரியாக ஒரு மாதம் கூட முன்னால் இல்லை, 1998 பொங்கல் அன்று, ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. தொடங்கியவர் கு.கல்யாணசுந்தரம். தமிழ்ப் பேராசிரியர் இல்லை, வேதியியல் விஞ்ஞானி. இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்து, சம்பளம் இல்லாமல், ராத்திரி உட்கார்ந்து டைப் அடித்தார்கள். இன்றைக்கு 500-க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. கோவில்பட்டிக்குப் பக்கத்து எட்டயபுரத்துக்காரரான பாரதியும் அதில் இருக்கிறார். 1949-ல் பாரதி படைப்புகளின் உரிமையை அரசு வாங்கிப் பொதுச் சொத்தாக்கியதால், அதற்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! அதைப் புரிந்துகொள்ள, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வர வேண்டும்.

கோவில்பட்டிக்கு எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். கோ, வி, ல், ப, ட், டி... ஆறு என்று சொல்லும். அச்சுக் கோக்கிறவரைக் கேட்டால் ‘கோ’ என்பதே மூன்று துண்டு என்பார். முதலில் இரட்டைச் சுழி, பிறகு க, பிறகு கால். ஆரம்ப காலத் தமிழ் எழுத்துருக்கள் அப்படியே இந்த அச்சுக்கட்டை முறையைக் காப்பி அடித்தன. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் துண்டு துண்டாகச் சேமித்தன. அதுவும் எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில் ஒரு எழுத்துருவுக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றுமை கிடையாது. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு ஏதோ இருக்கும். சரியான எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்றால் கோவில்பட்டி, ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி தெரியும்.

யூனிகோடு வேறு மாதிரி கணக்குப் போட்டது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. அது எழுத்தின் தோற்றத்தைப் பார்க்கவில்லை. முதலில் க, அடுத்து ஓகாரக் குறி, அவ்வளவுதான் ‘கோ’. சுழி முன்னால் வரும், கால் பின்னால் வரும் என்பதெல்லாம் திரையில் வரைகிற வேலைக்காரனின் கவலை. அந்தக் கணக்கில் கோவில்பட்டிக்குப் பதினொன்று! கோல்ட்ஃபார்ப் புத்தகத்துக்குச் சொன்னதையே யூனிகோடு எழுத்துக்குச் சொன்னது. எப்படித் தெரிகிறது என்று எழுதாதே, என்னவென்று எழுது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சின்ன லாபமும் உண்டு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ‘ணை’, ‘லை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்து அச்சானது உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். யூனிகோடில் பழைய கொம்பும் புதிய சுழியும் ஒரே பதிவுதான்.

மதுரைத் திட்டத்துக்காரர்கள் ஆரம்பித்தபோது இந்த வசதி சாதாரணக் கம்ப்யூட்டர்களில் இல்லை. மயிலை, இணைமதி என்ற எழுத்துருக்களில் தொடங்கினார்கள். (மயிலையை உருவாக்கியவரும் கல்யாணசுந்தரமே.) 1999-ல் திஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்ததும் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். குடியிருந்த வீட்டை மூன்று தடவை காலி செய்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் சாமான் உடையும். கால் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது ‘ர’ அடித்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே! காகிதத்தில் யாருக்கும் தெரியாத இந்தத் திருட்டு, மாற்றும்போது மாட்டிக்கொள்ளும். தேடினாலும் கிடைக்காது. ‘பாட்டு’ என்று தேடினால், ‘பரட்டு’ எப்படி அகப்படும்?

இதே நேரத்தில் மேற்கே மின்புத்தகம் தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1971 ஜூலை 4-ம் தேதி மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் இல்லினாய் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை டைப் அடித்ததுதான் பிள்ளையார் சுழி. வெறும் எழுத்து, அதுவும் எல்லாம் பெரிய எழுத்து. 1999-ல் ‘ஓப்பன் இ-புக்’ என்று ஒரு பொது அமைப்பு முறை வகுத்தார்கள். 2007-ல் அது ‘இ-பப்’ ஆனது. அதே வருஷம் அமேசானின் கிண்டிலும் கடைக்கு வந்தது.

இ-பப் என்றால் என்னவோ மந்திரம் என்று பயப்படாதீர்கள். பூட்டு போடாத ஓர் இ-பப் கோப்பை எடுத்து, அதன் பெயர் கடைசியில் இருக்கிற இ-பப் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எவர்சில்வர் அடுக்கு மாதிரி இருக்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, இணையப் பக்கம் எழுதுகிற அதே பாஷையில். படங்கள் ஒரு பக்கம். எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு தனியாக. எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான் சமாசாரம். சொல் இது, பொருள் இது என்று முத்திரை குத்தி வைத்த பதிவு உங்களிடம் இருந்தால், ஒரு சின்னப் புரோகிராம் சில நிமிஷத்தில் அதை இ-பப் ஆக்கித் தரும். அதே பதிவிலிருந்து அச்சுக்கு பிடிஎஃப், இணையத்துக்குப் பக்கம், எது வேண்டுமானாலும். பதிவு இல்லாமல் வெறும் தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்துமாக இருந்தால்? ஒரு ஆள் உட்கார்ந்து வரி வரியாகப் பிரிக்க வேண்டும்.

தமிழுக்கு இங்கேயும் வாசலில் நிற்க வைத்தார்கள். ஆரம்பத்தில் பல படிப்பான்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லை என்றால் சுழி ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் கழன்று நிற்கும். 2013-ல் த.சீனிவாசனும் நண்பர்களும் ‘ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்’ ஆரம்பித்தபோது, இ-பப்போடு கூடவே ஆறு அங்குலத் திரைக்கென்று ஒரு பிடிஎஃப்பும் தயாரித்துப் போட்டார்கள். கிண்டில் வைத்திருக்கிற தமிழனும் படிக்க வேண்டுமே என்று. அமேசான் தன் கடையில் தமிழ்ப் புத்தகங்களுக்கு அதிகாரபூர்வமாகக் கதவைத் திறந்தது 2016 டிசம்பரில்தான்.

இப்போது அகராதிக்குத் திரும்புவோம். கதைப் புத்தகத்தை மாற்றுவதை விட அகராதியை மாற்றுவதில்தான் சூட்சுமம் அதிகம். படிப்பானில் கதை படிக்கும்போது ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தால் அர்த்தம் வர வேண்டும். அதுதானே சுகம்? சென்னையில் வளர்ந்த ஒரு பெண் கரிசல் கதை ஒன்றைப் படிக்கிறாள். ‘பருத்திமாரைக் கட்டித் தூக்கிக்கொண்டு’ என்று வருகிறது. விரலை வைக்கிறாள். அகராதியில் இருப்பது ‘பருத்திமார்’. கதையில் இருப்பது ‘பருத்திமாரைக்’. ஐ வேற்றுமையும் ஒரு ஒற்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘அப்படி ஒரு சொல் இல்லை’ என்று கையை விரித்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இரண்டு மூன்று வடிவம் கொடுத்தால் தீர்ந்தது. நமக்கு மார், மாரை, மாரால், மாருக்கு, மாரில், மாரும், மாரோடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இத்தனையையும் தலைச்சொல்லின் கீழே பதிந்து வைக்கக் கிண்டில் அகராதி அமைப்பில் இடம் இருக்கிறது. 2015-ல் அகராதிகளுக்கென்றே இ-பப்புக்கு ஒரு தனி விதிமுறையும் போட்டார்கள். இடம் இருக்கிறது, நிரப்ப வேண்டியது நாம்.

இப்படிப் பதிவதால் இன்னொரு புதையலும் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதி, 1939-ல் ஒரு துணைத் தொகுதி. லட்சத்துக்கு மேல் சொற்கள். சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஆரம்பித்து வைத்தார். 1926-லிருந்து பொறுப்பேற்று முடித்துக் காட்டியவர் திருநெல்வேலிச் சீமைக்காரரான எஸ்.வையாபுரிப் பிள்ளை. அதில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட வட்டாரத்தில் மட்டும் புழங்குகிற சொல் என்றால் பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சுருக்கிப் போடுவார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒரு எழுத்து. திருநெல்வேலிக்கு ‘டின்’ என்று சுருக்கம். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல்தானே.

காகிதத்தில் அந்த ‘டின்’களைப் பொறுக்க வேண்டும் என்றால் ஏழு தொகுதியையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். யாருக்கு ஆயுசு இருக்கிறது? ஆனால் சிகாகோ பல்கலைக்கழகத்துத் தெற்காசிய அகராதித் திட்டம் அந்த லெக்சிகன் முழுவதையும் தேடக்கூடிய எழுத்தாகவே ஏற்றிவிட்டது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகமும் அதற்கு முன்பே அந்த வேலையில் இறங்கியிருந்தது. ஊர்க்குறி இருக்கும் பதிவுகளை மட்டும், சொல்லோடும் பொருளோடும் சேர்த்துப் பிரித்தெடுத்தால், திருநெல்வேலிச் சீமைக்கென்று ஒரு குட்டி அகராதி உங்கள் கையில்! நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜில்லாவில் என்ன பேசினார்கள் என்று, கி.ரா. தொகுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். படமாக எடுத்து வைத்த பிடிஎஃப்பிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முழிக்கும்.

இப்போதெல்லாம் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற மென்பொருள்கள் தமிழுக்கும் நன்றாகவே வந்துவிட்டன. 35 கோடி எழுத்தை 120 பேர் அடித்த காலம் போயாச்சு. அப்புறம் என்ன தடை என்கிறீர்களா? வட்டார அகராதிக்கு ஒரு விசேஷத் தலைவலி இருக்கிறது. அதில் இருக்கிற சொற்கள் பலவும் பொது அகராதியில் இருக்காது. இருந்தால் எதற்குத் தனியாகத் தொகுக்கப் போகிறார்கள்? அதனால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளுக்கு அந்தப் புத்தகம் முழுவதும் பிழையாகத் தெரியும். ‘வெள்ளாமை’ என்று இருந்தால் ‘வேளாண்மை’ என்று திருத்திவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். சென்னையில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிற தம்பியும் அதைத்தான் செய்வார். எந்த அகராதியைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தோமோ, அதை ஒவ்வொரு சொல்லாகச் சுத்தத் தமிழில் கொன்று முடித்திருப்போம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 55 பேரை வைத்துத் திருத்தினார்கள். கரிசல் அகராதிக்கு அவ்வளவு பேர் வேண்டாம். ‘கூனை’க்கு ரெண்டு சுழி னையா, மூன்று சுழி ணையா என்று யோசிக்காமல் சொல்லக்கூடியவர்கள், கமலை இறைத்த கைகள் நாலைந்து போதும். கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் தேடினால் அப்படிப்பட்டவர்கள் அகப்படுவார்கள். எல்லோருக்கும் எண்பதை ஒட்டிய வயது. கம்ப்யூட்டர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் ஒரு பேரனோ பேத்தியோ உட்கார்ந்து சொல்லை உரக்கப் படித்தால் போதும், தப்பாகப் படித்த இடத்தில் தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.